எறும்பு ஊரக் கல்லும் தேயும், மழை நாளில் இன்னும் சீக்கிரம்

ரொம்ப நாளா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதான் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியல. நடுவுல ஒரு வாரம் லீவு போட்டுட்டு குடும்பத்தோட யூட்டா மாநிலத்துல இருக்கற மோவாப் பக்கம் போயிட்டு வந்தோம். பயணக்கட்டுரைன்னு நெனச்சு வந்தவங்க மன்னிக்கணும். போட்டோவும் கிடையாது, சாப்பாட்டுக் கதையும் கிடையாது. இது கல்லைப் பத்தின பதிவு. தோசைக்கல் இல்ல, மணற்கல் :-)

ஏன் திடீர்னு கல்லுன்னா, அந்தப் பயணத்துல என் பொண்ணு ஒரு கேள்வி கேட்டா. அங்க நின்னுகிட்டு அதுக்கு முழுசா பதில் சொல்ல முடியல. ஒரு வரியில முடியற பதிலும் இல்ல அது. வீட்டுக்கு வந்து பழைய புத்தகங்களைத் தூசி தட்டி, ரெண்டு மூணு ராத்திரி படிச்சு, தங்கமணிகிட்ட "லைட்டை எப்போ அணைக்கப் போறீங்க?"ன்னு திட்டும் வாங்கி, ஒருவழியா ஒரு பதில் தேறியிருக்கு. கேள்வி என்னன்னு கொஞ்சம் கழிச்சுச் சொல்றேன். மொதல்ல அடிப்படை. சிவில் படிச்சவங்க அடுத்த ரெண்டு பாராவைத் தாண்டிப் போயிடலாம். படிச்சு மறந்தவங்க என்னோடயே வாங்க.

மணற்கல்லுக்கு பேர்லயே விளக்கம் இருக்கு. எந்தக் காலத்துலயோ ஆத்துலயோ கடற்கரையிலயோ பாலைவனத்துலயோ குவிஞ்ச மணல். அது மேல மேல மண் சேர்ந்து அமுங்குது. இடையில ஊறி ஓடற தண்ணி கொஞ்சம் சிலிக்கா, கொஞ்சம் கால்சைட், கொஞ்சம் இரும்பு ஆக்சைடுன்னு கொண்டுவந்து மணலுக்கு நடுவுல படிய விட்டுட்டுப் போகுது. கூடவே களிமண்ணும் இருக்கும். இதெல்லாம் சேர்ந்து பசையா ஒட்டிக்கிட்டா, அதான் மணற்கல்.

ரவா லட்டை நெனச்சுக்கோங்க. ஒவ்வொரு ரவையும் தனித்தனியா கெட்டிதான். ஆனா லட்டு உதிராம நிக்கறது ரவையால இல்ல, நடுவுல இருக்கற நெய்யாலயும் சர்க்கரையாலயும். மணற்கல்லும் அப்படித்தான். மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், ரொம்பக் கெட்டி. கல்லோட பலம் பசையில இருக்கு. இன்னொண்ணு, லட்டுக்குள்ள காத்து இருக்கற மாதிரி இதுக்குள்ளயும் ஓட்டை இருக்கு. பல மணற்கல்லுல மொத்தக் கன அளவுல 10லேர்ந்து 25 சதவீதம் வரைக்கும் வெத்திடம்தான். நம்ம ஊர் கருங்கல்லுல இது ஒரு சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். அதனால மழை பெய்ஞ்சா கருங்கல் நனையும், மணற்கல் குடிக்கும்.

இப்போ ஒரு சின்ன கொசுவத்தி. காலேஜ்ல பாறை பரிசோதனை லேப். கல்லைத் துளைபோட்டு, மெழுகுவத்தி மாதிரி உருளையா எடுத்து, ரெண்டு முனையையும் சமமா இழைச்சு, மெஷின்ல வெச்சு நசுக்கணும். எந்தச் சுமையில உடையுதோ அதைப் பரப்பளவால வகுத்தா கல்லோட பலம். எங்க லேப் அண்ணன் எப்பவும் ரெண்டு ஜோடி எடுத்து வெப்பார். ஒரு ஜோடி அடுப்புல காயும், இன்னொண்ணு ராத்திரி முழுக்க பக்கெட் தண்ணியில ஊறும். காஞ்ச கல்லு "டமார்"னு வெடிச்சு சில்லு தெறிக்கும். நாங்க ரெண்டடி தள்ளி நிப்போம். நனைஞ்ச கல்லு அவ்வளவு சத்தம் போடாது. "பொத்"னு அமுங்கிப் பொளக்கும். மெஷின் முள்ளும் அவ்வளவு தூரம் போயிருக்காது. ஒரே பாறையில, ஒரே எடத்துல, பக்கத்துப் பக்கத்துல எடுத்த கல்லுங்க. அண்ணன் சொல்வார், "தம்பி, கல்லோட பலம் என்னன்னு யாராவது கேட்டா, காஞ்சப்பவா நனைஞ்சப்பவான்னு திருப்பிக் கேளு." பரீட்சைக்குப் படிச்சதெல்லாம் மறந்து போச்சு, இது மட்டும் மறக்கல.

அவர் சொன்னதுக்கு ஆதாரமும் இருக்கு. 1965லயே தென்னாப்பிரிக்காவுல கோல்பேக், வீட்னு ரெண்டு பேர் குவார்ட்ஸ் நிறைஞ்ச மணற்கல்லைச் சோதிச்சு, தண்ணியில நல்லா ஊறினப்போ பலம் காஞ்ச நிலையில இருந்ததுல பாதிதான் தேறுதுன்னு எழுதினாங்க. 1992ல ஹாக்கின்ஸ், மெக்கானல் ரெண்டு பேரும் பிரிட்டன்ல கிடைக்கற 35 வகை மணற்கல்லை எடுத்துச் சோதிச்சாங்க. நனைஞ்சதால பலம் குறைஞ்சது சிலதுல வெறும் 8 சதவீதம், சிலதுல 78 சதவீதம்! சிலிக்கா பசை உள்ள கல்லு தப்பிச்சுது, களிமண் அதிகம் உள்ள கல்லு மாட்டிக்கிச்சு. இதைவிட எனக்குப் பயமா இருந்த விஷயம் வேற. கல்லு முழுசா ஊறணும்னு அவசியமே இல்ல. எலும்பா காஞ்ச கல்லுல மொத ஒரு சதவீத ஈரம் ஏறும்போதே பலத்துல பெரும்பகுதி போயிடுது. அதுக்கு மேல எவ்வளவு ஊறினாலும் பெரிய வித்தியாசம் இல்ல.

தண்ணி அப்படி என்னதான் பண்ணுது? ஒண்ணு இல்ல, நாலு வேலை பண்ணுது.

முதல்ல, பசையில இருக்கற களிமண்ணை இளக்கிடுது. சில வகைக் களிமண் தண்ணி குடிச்சா உப்பவும் செய்யும். உப்பி மணலை ஒண்ணைவிட்டு ஒண்ணு தள்ளும். ரெண்டாவது, மழைத்தண்ணி காத்துல இருக்கற கரியமில வாயுவைக் கரைச்சுக்கிட்டு லேசான அமிலமா வருது. கால்சைட் பசையா இருந்தா கொஞ்சம் கொஞ்சமா அதைக் கரைச்சு எடுத்துட்டுப் போயிடும். மூணாவது, ஓட்டைக்குள்ள மாட்டின தண்ணி. தண்ணியை அமுக்க முடியாது. சுமை சட்டுனு வந்து தண்ணி வெளியேற நேரமில்லன்னா, அது உள்ளேர்ந்து மணலைப் பிரிச்சுத் தள்ளும். மண்ணுக்கு இதை 1920கள்ல டெர்சாகி சொன்னார், ஓட்டையுள்ள கல்லுக்கும் அதே கதைதான்.

நாலாவது சமாச்சாரம்தான் எனக்குப் பிடிச்சது. குவார்ட்ஸ்னா சிலிக்கனும் ஆக்சிஜனும் கைகோத்துக்கிட்டு நிக்கற சங்கிலி. கல்லுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத விரிசல் எப்பவும் இருக்கும். சுமை ஏறும்போது அந்த விரிசலோட நுனியில சங்கிலி ஏகத்துக்கும் இழுபட்டு நிக்கும். அந்த நேரம் ஒரு தண்ணி மூலக்கூறு அங்க போய்ச் சேர்ந்தா, கோத்திருந்த கையைப் பிரிச்சு ரெண்டு பக்கமும் தானே ஒட்டிக்கும். காஞ்ச கல்லுல உடையவே உடையாத சுமையில, ஈரமான கல்லுல விரிசல் மெதுவா நகர ஆரம்பிக்கும். சத்தமே இருக்காது.

இதுவரைக்கும் தண்ணி. இனி ரெண்டாவது வில்லன்.

ஒரு கம்பியை ஒரே இழுப்புல கையால அறுக்க முடியாது. ஆனா முன்னயும் பின்னயும் இருபது தடவை வளைச்சா பட்டுனு வந்துடும். இதை ரயில் அச்சுகள்ல ஒழுங்கா ஆராய்ச்சி பண்ணினவர் ஜெர்மனிக்காரர் வோலர், 1850கள், 60கள்ல. ஒரு தடவை தாங்கற சுமை வேற, லட்சம் தடவை தாங்கற சுமை வேறன்னு அவர் காட்டினார். கல்லுக்கும் இது பொருந்தும். நசுக்கற சுமையை ஏத்தி இறக்கி, ஏத்தி இறக்கிப் பார்த்தா மூணு கட்டம் தெரியும். ஆரம்பத்துல கல்லு கொஞ்சம் அமுங்கி செட் ஆகும். அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். ஆனா ஒவ்வொரு சுத்துலயும் மயிரிழை அளவு நிரந்தரமா சுருங்கிக்கிட்டே வரும். கடைசிக் கட்டம் திடீர்னு வரும். சில சுத்துலயே முடிஞ்சுது கதை. அந்த நடுக் கட்டத்துல கல்லைப் பார்த்து யாராலயும் ஒண்ணும் சொல்ல முடியாது. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்னு சொன்னவங்க, நகர்றதுக்கு முந்தின அடி வரைக்கும் அம்மி எப்படி இருந்துதுன்னு சொல்லல :-)

இன்னொரு சுவாரசியம். கல்லுக்கு ஞாபகசக்தி உண்டு. சுமை ஏறும்போது உள்ள சின்னச் சின்ன விரிசல் விழற சத்தத்தை நுண்ணிய கருவி வெச்சுக் கேக்கலாம். ஒரு கல்லை ஒரு அளவு வரைக்கும் அமுக்கி விட்டுட்டு, மறுபடி அமுக்கினா, பழைய அளவை எட்டற வரைக்கும் கம்முனு இருக்கும். அதைத் தாண்டினதும்தான் திரும்பச் சத்தம் போடும். கைசர்னு ஒரு ஜெர்மன்காரர் 1950 வாக்கில உலோகத்துல கண்டுபிடிச்சது, பிறகு பாறையிலயும் பார்த்தாங்க. அந்தக் கல்லு பழைய அளவு வர்றதுக்கு முன்னாடியே முனக ஆரம்பிச்சா, உள்ள நிறைய சேதாரம் ஆயிடுச்சுன்னு அர்த்தம்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. எவ்வளவு சின்னச் சுமையானாலும் திரும்பத் திரும்ப வந்தா உடைஞ்சே தீரும்னு இல்ல. ஒரு வரம்பு இருக்கு. கல்லுக்குக் கல் மாறும், பெரும்பாலும் ஒரே தடவையில உடையற பலத்துல 60லேர்ந்து 80 சதவீதத்துக்குள்ள வரும். அதுக்குக் கீழ இருக்கற சுமை ஆயிரக்கணக்குல வந்தாலும் கல்லு பொறுத்துக்கும். அதுக்கு மேல போனா எண்ணிக்கை ஆரம்பிச்சுடும்.

இப்போ ரெண்டு வில்லனையும் ஒரே ரூம்ல விடுவோம். ஒரு பேச்சுக்குக் கணக்கு போடறேன், இது எந்தக் கல்லோட அளவும் இல்ல. காஞ்ச நிலையில 60 மெகாபாஸ்கல் தாங்கற கல்லு. அதுமேல அடிக்கடி வந்து போற சுமை 30. பாதிதான், வரம்புக்கு ரொம்பக் கீழ, நிம்மதி. ராத்திரி மழை. ஈரத்துல பலம் 40 சதவீதம் குறைஞ்சு 36 ஆகுது. சுமை அதே 30தான். ஆனா இப்போ அது 83 சதவீதம்! நேத்து வரைக்கும் எத்தனை தடவை வந்தாலும் கணக்குல சேராத சுமை, இன்னிக்கு ஒவ்வொரு தடவையும் கணக்குல ஏறுது. சுமை கூடவே இல்ல, வரம்புதான் கீழ இறங்கி வந்திருக்கு.

இதோட முடிஞ்சா பரவாயில்ல. ஒவ்வொரு தடவை சுமை வரும்போதும் விரிசல் கொஞ்சம் நீளுது. நீண்ட விரிசல் வழியா அடுத்த மழைக்குத் தண்ணி இன்னும் ஆழமாப் போகுது. ஆழமாப் போன தண்ணி அடுத்த சுமைக்கு வழி பண்ணுது. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு கைகொடுத்துக்கிட்டே போகுது. நம்மூர் ரோட்டைப் பாருங்க. கோடையில எத்தனை லாரி போனாலும் சுமாரா தாங்கும். லாரியே போகாத தெருவுல மழை பெய்ஞ்சாலும் சுமாரா தாங்கும். மழையும் லாரியும் ஒரே வாரத்துல வந்தா, திங்கக்கிழமை இருந்த ரோடு வெள்ளிக்கிழமை குளம்.

சரி, மோவாப் கதைக்கு வர்றேன்.

பொண்ணுக்குப் பதினாறு வயசு. மூணு வருஷமா உள்ளரங்கத்துல சுவர் ஏறிப் பழகறா. நிஜப் பாறையில ஏறணும்னு ஒரே நச்சரிப்பு. நாலு மாசம் முன்னாடியே ஒரு வழிகாட்டியைப் பிடிச்சு, ஒரு நாள் ஒதுக்கி, காசும் கட்டியாச்சு. அந்த நாளுக்கு முந்தின ராத்திரி நல்ல மழை. காலையில எழுந்து பார்த்தா வானம் துடைச்சு விட்ட மாதிரி இருக்கு, சுள்ளுனு வெயில். பாறை செக்கச் செவேல்னு காஞ்சு கிடக்கு. கையை வெச்சா சுடவே செய்யுது.

வழிகாட்டி வந்தார். பாறையைத் தொட்டுக்கூடப் பார்க்கல. அடியில இருந்த மணலை ரெண்டு விரல் ஆழத்துக்குத் தோண்டினார். மேல பொலபொலன்னு, உள்ள கருப்பா ஈரம். "இன்னிக்கு ஏற முடியாது. நாளைக்கும் சந்தேகம்தான்"னுட்டார். பணத்தைத் திருப்பித் தர்றேன்னார். எங்களுக்கோ மறுநாள் கிளம்பணும்.

பொண்ணு முகத்தைப் பார்க்க முடியல. அழல, அதுதான் இன்னும் கஷ்டம். அந்த நேரம் பார்த்து, கொஞ்சம் தள்ளி இருந்த பாறையில ரெண்டு பேர் ஜம்முனு ஏறிக்கிட்டிருந்தாங்க. நாங்க அங்கயே உக்காந்து இட்லிப்பொடி தடவின பிரெட்டைத் தின்னுகிட்டு வேடிக்கை பார்த்தோம். ஒரு மணி நேரம் இருக்கும். மேல போய், கீழ இறங்கி, கயிறைச் சுருட்டி, சிரிச்சுகிட்டே எங்களைத் தாண்டி வண்டிக்குப் போனாங்க.

அப்போதான் கேட்டா. "அப்பா, அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே. அப்போ அந்தக் கல்லு ஸ்ட்ராங்காத்தானே இருக்கு? நீ ஏன்ப்பா அவர்கிட்ட பேசிப் பார்க்கல?"

தங்கமணி என்னைப் பார்த்தா. நான் பாறையைப் பார்த்தேன். "அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்டா கண்ணு"ன்னு மட்டும் சொன்னேன். பதினாறு வயசுக்கு அது பதிலே இல்ல.

ஊருக்கு வந்து ஒரு வாரம் கழிச்சு, சாப்பாட்டு மேசையில அவகிட்ட சொன்னதைத்தான் இங்க எழுதறேன்.

மொதல் விஷயம், வெளியில காஞ்சிருக்கறது ஒரு தோல்தான். ஈரம் ஆவியாகறப்போ மேல்பரப்பு முதல்ல காயும், காயற எல்லை கொஞ்சம் கொஞ்சமா உள்ள போகும். உள்ளேர்ந்து ஈரம் வெளிய வரணும்னா அந்தக் காஞ்ச தோலைத் தாண்டி ஆவியாத்தான் வரணும், அதுக்கு நேரமாகும். அதான் அவர் பாறையைத் தொடாம மணலைத் தோண்டினார். மணலுக்குள்ள ஈரம் இருந்தா பாறைக்குள்ளயும் இருக்கும். மணற்கல் ஏறறவங்க காலங்காலமா வெச்சிருக்கற சோதனை இது. மழைக்கு அப்புறம் 24 மணிலேர்ந்து 72 மணி நேரம் வரைக்கும் காத்திருன்னு சொல்றதும் இதனாலதான். ஜெர்மனியில சாக்சனி மாநிலத்து எல்பே நதிப் பக்கம் மணற்கல் கோபுரங்கள் இருக்கு. நூறு வருஷத்துக்கு மேலயே அங்க ஏறறவங்களுக்குன்னு கடுமையான விதிகள் உண்டு. ஈரப் பாறையில ஏறத் தடை. விரிசல்ல செருகற உலோகச் சாமானுக்கும் தடை, முடிச்சுப் போட்ட நாடாவைத்தான் செருகணும். கல்லோட பலவீனம் தெரிஞ்சவங்க போட்ட விதி.

ரெண்டாவது, உக்காந்து ஏறும்போது கல்லுக்குப் பெரிய சுமை இல்ல. அவங்க கீழ விழல. விழுந்திருந்தா? கயிறு பிடிச்சு நிறுத்தற அந்த ஒரு நொடியில சில நூறு கிலோ எடைக்குச் சமமான இழுப்பு, விரிசல்ல செருகின ஒரு சின்னச் சாமான்ல வந்து சேரும். அது விரிஞ்சு கல்லோட ரெண்டு பக்கத்தையும் தள்ளித்தான் நிக்கும், இழுப்பைவிட அதிகமான விசையில தள்ளும். நல்லா காஞ்ச கல்லு தாங்கும். நேத்து நனைஞ்ச கல்லு? "ஒண்ணும் ஆகல"ன்னா, அந்தச் சோதனை நடக்கவே இல்லன்னுதான் அர்த்தம்.

மூணாவதுதான் முக்கியம். ஒண்ணும் ஆகலன்னு நாம எப்படிச் சொல்ல முடியும்? அவங்க கால் வெச்ச ஒவ்வொரு விளிம்பும், கை பிடிச்ச ஒவ்வொரு சில்லும் அன்னிக்குக் கணக்குல ஏறியிருக்கும். உடையல, சரி. விரிசல் ஒரு மயிரிழை நீண்டிருக்கும். காஞ்சதும் கல்லு பலத்துல பெரும்பகுதியைத் திரும்ப வாங்கிக்கும், ஆனா நீண்ட விரிசல் திரும்பிச் சுருங்காது. அடுத்த வாரம் வெயில்ல, எல்லா விதியையும் மதிச்சு, ஒழுங்கா ஏறற யாரோ ஒருத்தர் கையில அது பேந்து வரலாம். அவங்க என்ன தப்பு பண்ணினாங்க? சிரிச்சுகிட்டே வண்டிக்குப் போனவங்க போட்ட கடனை அவங்க கட்டறாங்க.

பொண்ணு கொஞ்ச நேரம் சும்மா இருந்தா. "அப்போ அந்த அங்கிள் என்னை மட்டும் காப்பாத்தல"ன்னா. ஆமாம்னேன்.

அந்தப் பயணத்துலயே ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவுக்கும் போயிருந்தோம். இயற்கையா அமைஞ்ச மணற்கல் வளைவுகள் ரெண்டாயிரத்துக்கு மேல இருக்கற இடம். அங்க வால் ஆர்ச்னு ஒரு வளைவு இருந்துது. 21 மீட்டருக்கு மேல அகலம், அந்தப் பூங்காவுலயே பன்னிரண்டாவது பெரியது. 2008 ஆகஸ்ட் 4ம் தேதி ராத்திரி அது விழுந்துடுச்சு. யாரும் பார்க்கல, யாருக்கும் அடியும் இல்ல. மறுநாள் காலையில பார்த்தா பாதை மேல கல்குவியல். அன்னிக்கு ராத்திரி அப்படி என்ன ஆச்சுன்னு கேட்டா, அது சரியான கேள்வி இல்லன்னு இப்போ தோணுது. பல்லாயிரம் மழை கால்சைட் பசையைக் கரைச்சிருக்கு. பகல் வெயில், ராத்திரிக் குளிர், காத்து, தன்னோட எடை எல்லாம் சேர்ந்து எண்ணிக்கிட்டே வந்திருக்கு. ஏதோ ஒரு ராத்திரி எண்ணிக்கை முடிஞ்சுது, அவ்வளவுதான்.

காத்தெல்லாம் ஒரு சுமையான்னு கேக்கறவங்களுக்கு: மோவாப் பக்கத்துல காசில்டன் டவர்னு சுமார் 120 மீட்டர் உயர மணற்கல் கோபுரம் நிக்குது. 2018ல யூட்டா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களுக்காக ரெண்டு மலையேறிகள் நிலநடுக்கக் கருவியைத் தூக்கிட்டு உச்சிக்குப் போனாங்க. அந்தக் கோபுரம் நொடிக்குச் சுமார் ஒரு தடவை ஆடிக்கிட்டே இருக்கு. கண்ணுக்குத் தெரியாத ஆட்டம்தான், சாதாரண நாள்ல அதால ஆபத்தும் இல்ல. ஆனா அசையாத கல்லுன்னு நாம நெனச்சுக்கிட்டிருக்கறது பகலும் ராத்திரியும் அசைஞ்சுகிட்டேதான் இருக்கு.

இதெல்லாம் பொழுதுபோக்குக்கு மலை ஏறறவங்க பிரச்சனைன்னு ஒதுக்கிட முடியாது. சீனாவுல யாங்சி நதியில மூன்று பள்ளத்தாக்கு அணை கட்டி, 2003 ஜூன்ல முதல் தடவையா 135 மீட்டர் மட்டத்துக்குத் தண்ணி நிரப்பினாங்க. அடுத்த மாசமே, ஜூலை 13ம் தேதி நள்ளிரவு தாண்டி, கிளை நதிக்கரையில கியான்ஜியாங்பிங்னு ஒரு இடத்துல மலைச்சரிவு. அங்க பாறை மணற்கல்லும் சேற்றுக்கல்லும் மாறி மாறி அடுக்கின மாதிரி இருக்கும். சரிவோட அடிப்பாகம் தண்ணியில ஊறிடுச்சு, கூடவே மழை. இறந்தவங்களும் காணாமப் போனவங்களும் சேர்ந்து 24 பேர்.

இப்போ அந்த நீர்த்தேக்கத்துல ஒவ்வொரு வருஷமும் தண்ணி 145 மீட்டருக்கும் 175 மீட்டருக்கும் நடுவுல ஏறி இறங்குது. அதாவது 30 மீட்டர் உயரத்துக்குக் கரையோரப் பாறை வருஷா வருஷம் நனையுது, காயுது. தண்ணியோட எடையும் வந்து வந்து போகுது. ஈரமும் திரும்பத் திரும்ப வர்ற சுமையும் ஒரே கல்லுமேல, பல நூறு கிலோமீட்டர் நீளத்துக்கு! மணற்கல்லை நனைச்சுக் காயவெச்சு நசுக்கற ஆராய்ச்சி சீனாவுல ஏன் இவ்வளவு நடக்குதுன்னு இப்போ புரியுதா? எங்க லேப் அண்ணனோட பக்கெட்தான், கொஞ்சம் பெருசு. அந்த ஆய்வுகள்ல அடிக்கடி தெரியறது, முதல் சில சுத்துலயே பலம் வேகமா குறையும், அப்புறம் மெதுவா. மெதுவாங்கறதை நின்னுடுச்சுன்னு எடுத்துக்கக் கூடாது.

நம்ம ஊர்லயும் பார்க்கலாம். காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில், ராஜசிம்ம பல்லவன் கட்டினது, ஆயிரத்து முன்னூறு வருஷம் ஆச்சு. பெரும்பகுதி மணற்கல். பல சிற்பங்கள்ல முகமே தேஞ்சு போயிருக்கும், பிற்காலத்துல சுதை பூசி ஒப்பேத்தியிருப்பாங்க. ஆனா அடித்தளத்தைக் குனிஞ்சு பாருங்க. அங்க கருங்கல் போட்டிருக்காங்க. எதை நெனச்சுப் போட்டாங்களோ, பலன் என்னவோ நிச்சயம். நிலத்து ஈரத்தைக் குடிக்காத கல்லு கீழ, குடிக்கற கல்லு மேல. மேலேர்ந்து வர்ற மழையை அவங்களால ஒண்ணும் பண்ண முடியல. கீழேர்ந்து வர்றதையாவது அந்தக் கல்லு தடுத்துக்கிட்டிருக்கு. அடுத்த தடவை போனா, யாளியோட போட்டோ எடுத்து முடிச்சதும் அந்த அடிக் கல்லுக்கும் ஒண்ணு எடுங்க.

"நேத்து போனோமே, ஒண்ணும் ஆகல"ன்னு யாராவது சொன்னா, இனிமே நான் ரெண்டு கேள்வி கேக்கப் போறேன். அப்போ ஈரமா இருந்துதா? அது எத்தனாவது தடவை? ரெண்டாவது கேள்விக்கு யாராலயும் பதில் சொல்ல முடியாது. அது கல்லுக்கு மட்டும்தான் தெரியும், அது வாயைத் திறக்கறது ஒரே ஒரு தடவைதான்.

டிஸ்கி 1: நான் இப்போ பொட்டி தட்டறவன், பாறை நிபுணன் இல்ல. மலை ஏறப் போறவங்க உள்ளூர் வழிகாட்டி சொல்றதைக் கேளுங்க, என் பதிவைப் படிச்சுட்டு ஏறாதீங்க.

டிஸ்கி 2: வர்ற வருஷம் திரும்பப் போறதா முடிவாயிருக்கு. இந்தத் தடவை ரெண்டு நாள் கூடுதலா லீவு கேட்டிருக்கேன். மேனேஜர் இன்னும் தரல. அவரும் கல்லுதான், அடி மேல் அடி வெச்சுப் பார்க்கறேன் :-)